மண்ணறிந்த கொடி: வீட்டுத் தோட்டத்தில் மஸ்கடைன் திராட்சை

1619-ஆம் ஆண்டு, வட அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றத்தில் கூடிய முதல் சட்டமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு குடும்பத் தலைவரும் பத்துத் திராட்சைக் கொடிகளாவது நட்டு வளர்க்க வேண்டும் என்றது அது. ஒயினுக்காகப் பிற நாடுகளை நம்பியிருந்த இங்கிலாந்துக்குத் தன் குடியேற்றத்திலேயே திராட்சை விளைய வேண்டும் என்ற ஆசை இருந்தது. பிரான்சிலிருந்து கைதேர்ந்த தோட்டக்காரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஐரோப்பியக் கொடிகள் கப்பலில் வந்து இறங்கின. நட்ட கொடிகள் சில பருவம் தளிர்த்தன. பிறகு இலை கருகிற்று, காய் அழுகிற்று, கொடி பட்டுப்போயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு தாமஸ் ஜெபர்சன் தம் மான்டிசெல்லோ தோட்டத்தில் மீண்டும் மீண்டும் ஐரோப்பியக் கொடிகளை நட்டுப் பார்த்தார்; அவருக்கும் அதே தோல்விதான். ஆனால் அதே தென்கிழக்குக் கரையோரக் காடுகளில் வேறொரு திராட்சை எவர் தயவும் இல்லாமல் மர உச்சிவரை ஏறிப் படர்ந்து, ஆண்டுதோறும் காய்த்து உதிர்ந்துகொண்டிருந்தது. 1524-இல் அந்தக் கரையோரமாகக் கப்பலோட்டிய வெரசானோ, மரங்களைச் சுற்றி ஏறும் கொடிகளைப் பற்றித் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் காடுகளின் திராட்சைதான் மஸ்கடைன்.

ஒரே மண்ணில் ஒன்று அழிந்து மற்றொன்று செழித்ததற்கு உரிய காரணத்தை அறிவியல் இன்று ஏறக்குறைய முழுமையாக விளக்கிவிட்டது. அந்த விளக்கம் வீட்டுத் தோட்டம் போடும் எவருக்கும் நேரடியாகப் பயன்படக்கூடியது. தென்கிழக்கு அமெரிக்காவில், ஜார்ஜியாவிலோ கரோலினாக்களிலோ அலபாமாவிலோ, வீட்டுப் பின்புறத்தில் திராட்சை வளர்க்க விரும்புகிறவர் மஸ்கடைனைத்தான் முதலில் நட வேண்டும் என்பது என் வாதம். நாட்டுக் கொடி என்ற உணர்ச்சிப் பிடிப்பினால் இதைச் சொல்லவில்லை. அந்தக் கொடியின் உடலமைப்பும் மரபணுக்களும் அந்த நிலத்தின் நோய்களுக்கும் ஈரத்துக்கும் ஏற்கெனவே விடை கண்டுவிட்டன. மருந்து தெளிப்பானால் நாம் செய்ய முயலும் வேலையை அது தானே செய்கிறது. நாம் செய்யவேண்டியதெல்லாம் அதன் இயல்பைப் புரிந்துகொண்டு, பந்தலும் கவாத்தும் துணைக்கொடியும் அதற்கேற்ப அமைப்பதுதான்.

முதலில் கொடியை அறிமுகம் செய்துகொள்வோம். தாவரவியலில் இதன் பெயர் வைட்டிஸ் ரொட்டுண்டிஃபோலியா. இதன் இயற்கை வாழிடம் டெலவேரிலிருந்து தெற்கே புளோரிடா வரை, மேற்கே டெக்சாஸின் கிழக்குப் பகுதி வரை பரந்தது. கடையில் நாம் வாங்கும் திராட்சைகளில் மிகப் பெரும்பாலானவை, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை உட்பட, வைட்டிஸ் வினிஃபெரா என்னும் ஐரோப்பிய இனத்தைச் சேர்ந்தவை. மஸ்கடைன் அந்த இனத்துக்குத் தூரத்து உறவு. வினிஃபெராவின் உயிரணுக்களில் 38 குரோமோசோம்கள், மஸ்கடைனில் 40. வினிஃபெராவின் பற்றுக்கம்பி கிளைத்துப் பிரியும். மஸ்கடைனுக்குக் கிளையற்ற ஒற்றைக் கம்பி. வினிஃபெராவின் முதிர்ந்த பட்டை நார்நாராக உரியும். மஸ்கடைனின் பட்டை இறுகப் பற்றியிருக்கும். இந்த வேறுபாடுகள் மிகுதி என்பதால் இதைத் தனிப் பேரினமாகவே பிரிக்கவேண்டும் என்று கருதும் தாவரவியலாளர்களும் உண்டு. பழம் கருநீலமாகவோ வெண்கல நிறமாகவோ இருக்கும். தோல் தடிப்பு, உள்ளே வழுவழுப்பான சதை, சில பெரிய விதைகள். வெண்கல நிற வகைகளில் பழமையானது, வட கரோலினாவின் ஓர் ஆற்றின் பெயரைத் தாங்கிய ஸ்கப்பர்னாங். அந்த மாநிலத்தின் ரோனோக் தீவில் ‘தாய்க்கொடி’ என்று அழைக்கப்படும் ஸ்கப்பர்னாங் கொடி ஒன்று இன்றும் காய்க்கிறது. அதன் வயது ஏறத்தாழ 400 ஆண்டுகள் என்று மதிப்பிடுகிறார்கள்.

ஐரோப்பியக் கொடி ஏன் தோற்றது? வினிஃபெரா வறண்ட கோடையில் பழுத்துப் பழகிய இனம். தென்கிழக்கு அமெரிக்காவின் கோடையோ மழையும் புழுக்கமும் நிறைந்தது; இலையில் ஈரம் உலர்வதே அரிது. பூஞ்சைக்கு இதைவிட வாய்ப்பான காலம் இல்லை. ஈரம் மட்டும் குற்றவாளி என்றும் சொல்லிவிட முடியாது. திராட்சையின் பெரும்பகைகளான சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், கருப்பு அழுகல், வேரை உறிஞ்சும் ஃபிலாக்செரா என்னும் நுண்பூச்சி ஆகிய நான்கும் வட அமெரிக்காவில் தோன்றியவை. வினிஃபெரா அவற்றை அறியாத கண்டத்தில் வளர்ந்தது. எதிர்க்கும் வழியை அது கற்கவே இல்லை. இதற்குச் சான்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலேயே கிடைத்தது. 1845-இல் சாம்பல் நோயும், 1860-களில் ஃபிலாக்செராவும், 1878-இல் அடிச்சாம்பல் நோயும் அட்லாண்டிக்கைக் கடந்து சென்றபோது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செழித்திருந்த ஐரோப்பியத் தோட்டங்கள் சில பத்தாண்டுகளில் நிலைகுலைந்தன. இன்று நம் ஊர்த் திராட்சை விவசாயிகள் அறிந்த போர்டோ கலவையும், அமெரிக்க வேர்ச்செடி மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டும் முறையும் அந்தப் பேரழிவிலிருந்து பிறந்தவையே. வர்ஜீனியாவின் குடியேறிகள் அறியாமையால் தோற்கவில்லை. பின்னாளில் ஐரோப்பாவையே மண்டியிடச் செய்த எதிரிகளின் சொந்த ஊரில் போய் அவர்கள் கொடி நட்டிருந்தார்கள்.

இவற்றோடு இன்னொரு நோயும் சேர்ந்துகொண்டது. கலிஃபோர்னியாவின் அனாஹைம் பகுதியில் 1880-களில் பெரும் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஒரு மர்ம நோயை நியூட்டன் பியர்ஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். அவர் பெயராலேயே அது பியர்ஸ் நோய் எனப்படுகிறது. சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்னும் பாக்டீரியா அதன் காரணம். கொடியின் சாற்றை உறிஞ்சும் ஒருவகைத் தத்துப்பூச்சிகள் அதைச் செடிக்குச் செடி கொண்டு செல்கின்றன. வேரிலிருந்து நீரை மேலே ஏற்றும் சைலக் குழாய்களுக்குள் பாக்டீரியா பெருகிப் படலமாகப் படிகிறது; கொடியும் தற்காப்புக்காகக் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. மண்ணில் நீர் இருந்தும் இலை ஓரத்திலிருந்து கருகி, ஓரிரு ஆண்டுகளில் கொடி மாண்டுவிடும். நோய் கண்ட கொடியை மீட்க மருந்து இல்லை. தென்கிழக்கின் கரையோரச் சமவெளியில் வினிஃபெராவை வளர்க்கவிடாத முதன்மைத் தடை இதுதான். அதே பூச்சி மஸ்கடைனையும் கடிக்கிறது. ஆனால் பெரும்பாலான மஸ்கடைன் வகைகள் நோயை எதிர்க்கின்றன, அல்லது தொற்றினாலும் பெரிதாகப் பாதிக்கப்படாமல் காய்க்கின்றன.

மஸ்கடைனின் வலிமை தற்செயலானதன்று. அது மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. இதை நிறுவியவர்கள் பிரெஞ்சு ஆய்வாளர்கள் என்பது வரலாற்றின் ஓர் அழகான திருப்பம். தெற்குப் பிரான்சில் அலைன் பூக்கே என்ற ஆய்வாளர், வட கரோலினாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான மஸ்கடைன் கலப்பினம் ஒன்றை எடுத்து, அதைத் தலைமுறை தலைமுறையாக வினிஃபெராவுடன் கலந்தார். அதன் மூலம் சாம்பல் நோயைத் தடுக்கும் ‘ரன்1’, அடிச்சாம்பல் நோயைத் தடுக்கும் ‘ஆர்பிவி1’ என்னும் மரபணுக்கள் ஐரோப்பியத் திராட்சைக்குள் நுழைந்தன. பூஞ்சை இலைக்குள் வேர்விட முயலும் இடத்திலேயே அந்தச் செடியின் உயிரணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. உயிருள்ள திசுவில் மட்டுமே வாழத் தெரிந்த பூஞ்சை பட்டினி கிடந்து சாகிறது. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக ஆர்ட்டபான், ஃபுளோரியால், விடாக், வோல்டிஸ் என்ற புதிய ரகங்கள் 2018-இல் பிரான்சில் பதிவாகின. அவற்றுக்கு மருந்துத் தெளிப்பு பெருமளவு குறைந்துவிடுகிறது. ஒரு காலத்தில் காட்டுக்கொடி என்று ஒதுக்கப்பட்ட இனத்திடமிருந்து ஐரோப்பா தன் திராட்சைக்குப் பாதுகாப்பைக் கடன் வாங்கியிருக்கிறது.

அப்படியானால் மரபணுவை ஐரோப்பியக் கொடிக்கு மாற்றிவிட்டு அதையே நடலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 38 குரோமோசோம் உள்ள இனமும் 40 உள்ள இனமும் கலந்தால் பிறக்கும் பிள்ளைக்கு 39. ஒற்றைப்படை ஆனதால் இணைசேர்ப்பு குலைந்து, முதல் தலைமுறைக் கலப்பினங்கள் பெரும்பாலும் மலடாகின்றன. அந்தச் சுவரைத் தாண்டி ஓரிரண்டு மரபணுக்களை நகர்த்தவே பல பத்தாண்டுகள் ஆயின. நகர்ந்தவையும் இரண்டு பூஞ்சை நோய்களுக்கான காவல் மட்டுமே. கருப்பு அழுகல், பியர்ஸ் நோய், வேர்ப்பூச்சி, புழுக்கம் ஆகிய அனைத்தையும் தாங்கும் முழுத் தொகுப்பு மஸ்கடைனிடம்தான் முழுதாக இருக்கிறது. அமெரிக்க நாட்டுத் திராட்சை வேறு இல்லையா என்றும் கேட்கலாம். மாசசூசெட்ஸில் எஃப்ரைம் புல் உருவாக்கிய கான்கார்ட் திராட்சை வடக்கில் பெரும் வெற்றி பெற்றதுதான். ஆனால் தெற்கின் கடும் வெயிலில் அதன் கொத்து சீராகப் பழுப்பதில்லை; பியர்ஸ் நோய்க்கும் அது ஆளாகிறது. நாடு ஒன்றாக இருப்பது போதாது, வட்டாரமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதைக் கான்கார்ட் காட்டுகிறது.

வலிமையான கொடி என்பதால் குழி தோண்டி நட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் ஏமாறுவது பூவில்தான். காட்டு மஸ்கடைனில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. ஆண்கொடி ஒருபோதும் காய்க்காது. பெண்கொடியின் பூவில் மகரந்தத் தாள்கள் இருந்தாலும் அவை பின்புறமாக வளைந்து, பயனற்ற மகரந்தத்தையே தருகின்றன. ஸ்கப்பர்னாங்கும், ஜார்ஜியா பல்கலைக்கழகம் 1970-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஃப்ரையும், பெரும்பழம் தரும் சுப்ரீமும் பெண்கொடிகளே. தனியாக நட்டால் அவை பூக்கும், காய்க்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் சார்ல்ஸ் டியரிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் செயல்படும் இருபால் பூக்களையுடைய கொடிகளை இனங்கண்டு, அவற்றைக் கொண்டு கலப்பினம் செய்தார்கள். 1940-களிலிருந்து தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் ரகங்கள் தோட்டங்களுக்கு வந்தன. இன்று கார்லோஸ், நோபிள், டாரா, டிரையம்ஃப், நெஸ்பிட் ஆகியவை இந்த வகையில் பரவலாகக் கிடைக்கின்றன. ஒரே கொடிக்குத்தான் இடம் உண்டு என்றால் இவற்றுள் ஒன்றை நட வேண்டும். இரண்டு கொடிக்கு இடமிருந்தால் ஓர் இருபால் கொடியும், அதிலிருந்து 15 மீட்டருக்குள் ஒரு பெண்கொடியும் நடலாம். மகரந்தத்தைக் கொண்டுசெல்பவை பெரும்பாலும் தேனீக்களும் சிறு வண்டுகளும்தான். எனவே மே, ஜூன் மாதங்களில் கொடி பூத்திருக்கும்போது பூச்சிக்கொல்லி தெளிப்பது நம் விளைச்சலை நாமே வெட்டிக்கொள்வதாகும்.

அடுத்தது இடமும் பந்தலும். காட்டில் முப்பது மீட்டர் உயரம்வரை ஏறக்கூடிய கொடி இது. அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கக் கொடிக்குக் கொடி 6 மீட்டர் இடைவெளி வேண்டும். நாற்றங்காலில் விரல் தடிமனில் இருக்கும் கன்றைப் பார்த்து, இத்தனை இடமா என்று சந்தேகப்பட்டு நெருக்கி நட்டால் ஐந்தாம் ஆண்டில் இரண்டும் ஒன்றையொன்று நிழலில் அழுத்தும். நிழலில் மொட்டு உருவாவதில்லை. வீட்டுத் தோட்டத்துக்கு எளிமையான அமைப்பு, உறுதியான இரண்டு கம்பங்களுக்கு இடையே தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பி. முதல் ஆண்டு ஒரே தண்டை மட்டும் விட்டு, பக்கத் தளிர்களைக் கிள்ளி, கம்பியை நோக்கி நேராக ஏற்ற வேண்டும். கம்பியை எட்டியதும் நுனியைக் கிள்ளினால் இரு பக்கமும் தளிர் பிரியும். அவற்றைக் கம்பியின் மேல் வலமும் இடமுமாக மூன்று மூன்று மீட்டர் ஓடவிட வேண்டும். இந்த இரண்டு கைகளும் கொடியின் ஆயுள்வரை நிலைத்திருப்பவை. இரண்டாம் ஆண்டின் முடிவில் கட்டமைப்பு ஏறக்குறைய முடிந்துவிடும், மூன்றாம் ஆண்டில் முதல் காய்ப்பைப் பார்க்கலாம். வளைவுப் பந்தலும் மேற்கூரைப் பந்தலும் அழகாக இருக்கும், நிழலும் தரும். ஆனால் அவற்றில் கவாத்து செய்வது கடினம் என்பதையும், கவாத்து செய்யாத மஸ்கடைன் சில ஆண்டுகளில் வெறும் இலைக்காடாகிவிடும் என்பதையும் அறிந்தே அமைக்க வேண்டும்.

கவாத்துதான் இந்தக் கொடிக்கு நாம் செய்யும் மிக முக்கியமான பணி. காரணம் எளியது: சென்ற ஆண்டு வளர்ந்த குச்சியிலிருந்து இந்த ஆண்டு வெடிக்கும் தளிரில்தான் பூங்கொத்து வரும், அதுவும் அந்தத் தளிரின் அடிக்கணுக்களில். பழைய மரத்தை எவ்வளவு சேர்த்து வைத்தாலும் அது காய்க்காது. ஆகவே பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ, கொடி உறக்கத்தில் இருக்கும்போது, கைகளிலிருந்து கிளம்பிய சென்ற ஆண்டுக் குச்சிகளை இரண்டு முதல் நான்கு மொட்டுகள் மட்டும் விட்டுக் குட்டையாக வெட்ட வேண்டும். முந்தைய பருவத்து வளர்ச்சியில் பெரும்பகுதி தரையில் விழும். இவ்வளவு வெட்டினால் விளைச்சல் குறையாதா என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். வெட்டாத கொடி முதலாண்டில் அதிகம் காய்ப்பதும் உண்மையே. ஆனால் அத்தனை மொட்டுக்கும் சர்க்கரை ஊட்ட இலைக்கு வெயில் போதாது. பழம் சிறுத்து, சீரற்றுப் பழுத்து, மறுபருவத்துக்கான மொட்டும் வலுவிழந்துவிடும். இன்னொரு அச்சம், வெட்டிய இடத்தில் நீர் சொட்டுச் சொட்டாக வடிவது. வசந்தம் நெருங்குகையில் வேர் நீரை அழுத்தி மேலே அனுப்புவதால் வருவது அது. கொடிக்கு அதனால் தீங்கில்லை. உண்மையில் அஞ்ச வேண்டியது பற்றுக்கம்பியைத்தான். கையைச் சுற்றிய பற்றுக்கம்பி மரமாக இறுகி, கை பருக்கும்போது கழுத்தை நெரிப்பதுபோல் இறுக்கி, அதற்கப்பால் சாறு போகாமல் செய்துவிடும். கவாத்தின்போது தண்டையும் கைகளையும் சுற்றியவற்றைத் தேடி வெட்டி எறிய வேண்டும்.

மண்ணைப் பொறுத்தவரை இந்தக் கொடிக்கு ஒரு நிபந்தனைதான் கண்டிப்பானது: நீர் தேங்கக்கூடாது. மணலோ செம்மண்ணோ, வடிகால் இருந்தால் வளரும். கார அமில நிலை 6 முதல் 6.5 வரை இருப்பது சிறப்பு. நாள் முழுதும் வெயில் வேண்டும். நட்ட முதல் இரண்டாண்டு புல்லும் களையும் அண்டாமல் அடியைச் சுத்தமாக வைத்து, மழை தவறினால் நீர் ஊற்ற வேண்டும்; வேரூன்றிய பிறகு நீர்த்தேவை வெகுவாகக் குறையும். தழைச்சத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுத்து ஜூலையோடு நிறுத்திவிட வேண்டும். பின்பருவத்தில் கொடுத்தால் தளிர் முற்றாமல் குளிரில் மாட்டிக்கொள்ளும். கோடை நடுவில் முதிர்ந்த இலைகளின் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் அது பெரும்பாலும் மெக்னீசியப் பற்றாக்குறை. மஸ்கடைனில் அடிக்கடி காண்பது. எப்சம் உப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட்டை இளங்கொடிக்கு 60 முதல் 120 கிராம் அளவில் அடியைச் சுற்றித் தூவி நீர் விட்டால் சரியாகும். புல்வெளிக்குத் தெளிக்கும் அகன்ற இலைக் களைக்கொல்லிகளைத் திராட்சைக்கு அருகில் கொண்டுவரவே கூடாது. நானூறு ஆண்டு நோய்களைத் தாங்கிய ரோனோக் தாய்க்கொடியே 2010-இல் மின்கம்பத்தருகே தவறுதலாகத் தெளிக்கப்பட்ட களைக்கொல்லியால் பாதிக்கப்பட்டு, பட்ட கிளைகளை அகற்றிய பிறகுதான் மீண்டது.

இத்தனை சொன்ன பிறகு, மஸ்கடைனுக்கு நோயே இல்லை என்று எவரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அப்படிச் சொல்வது கொடிக்குச் செய்யும் அநீதி. நன்றாக மழை பெய்யும் ஆண்டுகளில் கருப்பு அழுகல் இலையிலும் காய்த் தோலிலும் புள்ளியிடும். பழுக்கும் நேரத்தில் பழ அழுகல் நோய்கள் வரும். பெரும்பண்ணைகளில் மருந்து தெளிக்கத்தான் செய்கிறார்கள். வீட்டில் காற்றும் வெயிலும் புகும்படி கவாத்து செய்து, விழுந்த பழத்தையும் வெட்டிய குச்சியையும் அப்புறப்படுத்தினாலே பெரும்பாலும் போதும். மிகக் கொடிய பகை வேர்த்துளைப்பான். குளவியைப் போலத் தோற்றமளிக்கும் ஓர் அந்துப்பூச்சி கோடையில் முட்டையிட, அதன் புழு மண்ணுக்குள் இறங்கி ஏறத்தாழ இரண்டாண்டு வேரைக் குடைகிறது. கூட்டுப்புழு தரைமட்டத்தில் இருக்கும் காலத்தில் கொடியின் அடியில் மண்ணை அணைத்து மேடாக்கினால், வெளிவர முயலும் பூச்சி மண்ணுக்குள்ளேயே மடியும். இலையுதிர் காலத்தில் மேட்டைக் கலைத்துவிட வேண்டும். அல்லாவிட்டால் கொடி அதற்குள் மேல்வேர் விட்டுவிடும். குளிர்தான் இதன் மற்றோர் எல்லை. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 12 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் பாதிப்பு தொடங்கும், 18 டிகிரிக்கு இறங்கினால் பல ரகங்கள் தரைவரை பட்டுப்போகும்.

இப்போது மிகப் பழைய ஆட்சேபணைக்கு வருவோம். தோல் தடிப்பு, விதை பெரிது, கொத்தாக வராது, ஒரே நேரத்தில் பழுக்காது. இதை எதற்கு வளர்ப்பது? ஒவ்வொன்றும் உண்மையே. சிறு கொத்தில் ஒரு பழம் கனிந்திருக்க, பக்கத்துப் பழம் பச்சையாகவே நிற்கும். கனிந்தது காம்பிலிருந்து தானே கழன்று விழும். கழன்ற இடத்தில் தோல் கிழிந்து ஈரமானால் நெடுநாள் தங்காது. சந்தைக்கு இவை பெருங்குறைகள். அதனால்தான் ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து அடுக்கில் காத்திருக்கும் வினிஃபெரா கடைகளை ஆள்கிறது. ஆனால் வீட்டுத் தோட்டம் சந்தையன்று. ஒரே நாளில் முழுக்கொடியும் பழுத்தால் ஒரு குடும்பம் என்ன செய்யும்? ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை ரகத்துக்கேற்ப, ஒரே கொடியில் சில வாரங்கள் தொடர்ந்து, நாளுக்குக் கொஞ்சமாகப் பழுப்பது வீட்டுக்கு வரம். மொத்தமாகப் பறிக்க விரும்பினால் கொடிக்கடியில் துணி விரித்துக் கம்பியை உலுக்கினால் கனிந்தவை மட்டும் விழும். தடித்த தோலும் வீணான சுமையல்ல. புழுக்கத்தில் பூஞ்சையையும் பூச்சியையும் வெளியே நிறுத்தும் சுவர் அதுதான். தோலை மெல்லியதாக்கினால் மருந்தைத் தடிமனாக்க வேண்டியிருக்கும்.

உண்ணும் முறையும் அதற்கேற்ப அமைந்திருக்கிறது. காம்பு இருந்த வாயை உதட்டில் வைத்துப் பிதுக்கினால் சதை வாய்க்குள் வரும். விதையைத் துப்பிவிட்டுத் தோலைச் சுவைத்து மென்று உண்பவரும் உண்டு, ஒதுக்குபவரும் உண்டு. தெற்கத்தி வீடுகளில் சாற்றை ஜெல்லியாகக் காய்ச்சுகிறார்கள், தோலை வேகவைத்து இனிப்புப் பணியாரம் செய்கிறார்கள். ஒயினும் உண்டு. கருநிற மஸ்கடைன் ஒயின் ஐரோப்பிய ஒயினைப்போல் நிறம் நிலைப்பதில்லை என்ற குற்றச்சாட்டு சரியானதே. வினிஃபெராவின் ஆந்தோசயனின் நிறமியில் ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருக்கும், மஸ்கடைனில் இரண்டு. இரண்டு ஒட்டிய நிறமி மற்ற சேர்மங்களுடன் பிணைந்து நிலைபெறுவது கடினம், ஆகவே நாளடைவில் பழுப்பேறும். தோலிலும் விதையிலும் எல்லாஜிக் அமிலம் உள்ளிட்ட பாலிஃபீனால்கள் மிகுந்திருப்பதும் ஆய்வில் உறுதியானது. பிற திராட்சைகளில் எல்லாஜிக் அமிலம் அரிது. ஆனால் அதை வைத்துப் புற்றுநோயைத் தீர்க்கும் பழம் என்று விற்கப்படும் மாத்திரைகளை நம்பவேண்டாம். சோதனைக்குழாயிலும் எலியிலும் காணும் விளைவு மனித உடலில் மருந்தாகிவிடாது. நல்ல பழம் என்பதற்காகவே அதை உண்ணலாம்.

கடைசியாக, இந்த வாதத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மஸ்கடைன் எங்கும் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என் வாதமே உடைந்துவிடும். மின்னசோட்டாவின் குளிரில் அது பிழைக்காது. குளிர்கால உறக்கத்துக்குப் பழகிய இலையுதிர் கொடி அது. ஆண்டு முழுதும் வெம்மையான தமிழகச் சமவெளிக்கு அதைக் கொண்டுவருவது, வர்ஜீனியாவில் ஐரோப்பியக் கொடியை நட்டவர்கள் செய்த பிழையைத் திசைமாற்றிச் செய்வதாகும். ஆனால் அட்லாண்டா, சார்லட், ராலே போன்ற ஊர்களில் வீடு வாங்கி, பின்புறத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் குளிருக்குப் பயந்து தொட்டியில் காக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றைக் காப்பது பாசம், அதில் தவறில்லை. அதோடு அந்த மண் தானாகவே தரக்காத்திருக்கும் ஒரு பழத்துக்கும் ஆறு மீட்டர் கம்பி ஒதுக்கலாம். இருபால் பூவுள்ள ஒரு கன்றை வாங்கி, வெயில் படும், நீர் தேங்காத இடத்தில் நட்டு, ஆண்டுக்கொருமுறை தயங்காமல் கவாத்து செய்யுங்கள். வேறெந்த ஊரில் இருப்பவரானாலும், எந்தக் கன்றை வாங்குமுன்னும் அந்த வட்டாரத்தின் காடும் வேலியும் எதைத் தாமாக வளர்க்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள். நிலம் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த செடியை நடுகிறவருக்கு மருந்துச் செலவும் மனவருத்தமும் குறையும்.